ஒரு கேசட், எட்டுப் பேர்

கைக்குள் ஒரு திரை – 7

புத்தம்புது நிண்டெண்டோ சுவிட்ச் கேசட் ஒன்றின் அமெரிக்க விலை வழமையாக 60 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 18,000 ரூபா. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு கேசட்டுக்குப் பதின்மூன்று முழுப் பேர் (முழு நாள் வேலைப் பதிவு) விழுந்தாலும் போதாது. பதினாலாவது நாளும் மலையேற வேண்டும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் இந்த வாரப் பட்டியலைப் போடுகிறேன். கையடக்கக் கருவிகளுக்கு 'கட்டாயம் வைத்திருக்க வேண்டிய கேசட்டுகள்' என்று உலகம் முழுக்கப் பட்டியல்கள் வருகின்றன. கடையில் எல்லாம் கிடைக்கும், கையில் காசும் இருக்கும், வீட்டில் இணையமும் ஓடும் என்று நினைப்பவர்கள் போட்ட பட்டியல்கள் அவை. ஊவாவின் பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் இருந்து பார்க்கும்போது கேள்வியே வேறு. எந்தக் கேசட் கடை இல்லாமல், கணக்கு இல்லாமல், இணையம் இல்லாமல் ஓடும்? எதை நாலு பேர் சேர்ந்து விளையாடலாம்? எதைத் திருப்பி விற்கலாம்? இந்த மூன்றில் இரண்டுக்காவது 'ஆம்' என்று பதில் வரும் கேசட்டைத்தான் இங்கே கட்டாயக் கேசட் என்கிறேன். சேகரிப்பு மதிப்பு அதற்குப் பிறகு வருவது.

கடை இல்லாத நாடு

நிண்டெண்டோவின் இணையக் கடையான இ-ஷாப், தன் நாடுகள் பட்டியலில் இலங்கையைச் சேர்க்கவில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் கணக்கைத் திறக்கப் போனாலும் அதே கதைதான். கணக்கு வேண்டுமென்றால் வேறு ஒரு நாட்டில் இருப்பதாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்டுக்கான பணஅட்டையையும் தேட வேண்டும். கொழும்பில் இருப்பவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். பதுளை டவுனிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, அதற்கப்புறம் மேல் டிவிஷனுக்கு நடந்து போகிற பிள்ளைக்கு அது ஆகிற காரியம் இல்லை.

கடை இருக்கும் நாடுகளிலும் அது நிலைத்து நிற்பதில்லை. 3டிஎஸ் கருவிக்கான இ-ஷாப்பில் வாங்குவதை 2023 மார்ச் 27ஆம் திகதியோடு நிண்டெண்டோ நிறுத்தியது. தன் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கான கடையைச் சோனி 2021 ஜூலையில் மூடியது. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 வீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று சொன்னது. பணம் இருந்தாலும் வாங்க வழியில்லை என்ற நிலை அமெரிக்காவுக்கே வந்துவிட்டது. எங்களுக்கு அது ஆரம்பத்திலிருந்தே பழக்கம். அதனால்தான் வெளிநாட்டிலிருந்து யாராவது பையில் கொண்டுவந்த, அல்லது கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கு வரும்போது வாங்கிவந்த பிளாஸ்டிக் துண்டுக்கு இங்கே இத்தனை மதிப்பு.

செங்கல்லில் தொடங்கியது

மலையகத்தில் பெரும்பாலானோர் முதலில் தொட்ட கையடக்க விளையாட்டு 'பிரிக் கேம்'. பென்டோர்ச் பெட்டரி போட்டால் ஓடும்; 'உள்ளே 9999 விளையாட்டுகள்' என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்து இருபதுதான் தேறும், மிச்சமெல்லாம் வேகத்தை மாற்றிய அதே விளையாட்டு. திருவிழாக் கடையிலும் டவுன் நடைபாதையிலும் விற்ற அந்தக் கருவிக்குள் இருந்தது டெட்ரிஸ்.

டெட்ரிஸை 1984இல் மொஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்ஸி பஜிட்னோவ். அதை நிண்டெண்டோவின் கைக்குக் கொண்டுபோனவர் ஹெங்க் ரோஜர்ஸ். கேம்பாய் 1989 ஏப்ரல் 21ஆம் திகதி ஜப்பானில் வெளிவந்தது. அமெரிக்காவில் விற்கும்போது பெட்டிக்குள் மாரியோவை வைப்பதா டெட்ரிஸை வைப்பதா என்ற பேச்சு வந்தது. மாரியோவை வைத்தால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸை வைத்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்பது ரோஜர்ஸின் வாதம். அவர் சொன்னதுதான் நடந்தது. கேம்பாயும் அதன் வண்ணத் திரை வாரிசும் சேர்ந்து 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விற்றன.

ஆகவே வந்த வரிசைப்படி பட்டியலின் முதல் பெயர் கேம்பாய் டெட்ரிஸ். அதை விளையாட எந்த மொழியும் வாசிக்கத் தெரிய வேண்டாம். உள்ளே பெட்டரி கிடையாது, சேமிப்பும் கிடையாது. முப்பத்தைந்து வருடம் கழித்தும் முனைகளைத் துடைத்துச் செருகினால் ஓடும். கோடிக்கணக்கில் விற்றதால் விலையும் தலைக்கு மேல் போகவில்லை. அடுத்தது 1993இல் வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்': ஒரு தீவு, ஒரு வாள், வாரக்கணக்கில் அவிழ்க்க முடிச்சுகள். இதற்குக் கொஞ்சம் ஆங்கிலம் வேண்டும்.

மூன்றாவது போக்கிமொன். சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சட்டோஷி தஜிரியின் யோசனை அது. 1996 பெப்ரவரி 27இல் ஜப்பானில் சிவப்பு, பச்சை என இரண்டு கேசட்டுகளாக வந்தது. ஒன்றில் இருக்கும் சில உயிரினங்கள் மற்றதில் இருக்காது. முழுதாகச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொருவரோடு வயர் போட்டு மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். விற்பனைத் தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு கோபித்துக்கொண்டு இருக்க முடியாதபடி செய்த தந்திரம் அது.

உள்ளே ஒரு பெட்டரி

பழைய போக்கிமொன் கேசட் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1999இல் வந்த 'கோல்ட்', 'சில்வர்' கேசட்டுகளுக்குள் சிஆர்2025 என்ற வட்டப் பெட்டரி ஒன்று பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். விளையாட்டின் நாள், நேரம், நீங்கள் சேமித்த பயணம் எல்லாம் அந்தப் பெட்டரியின் உயிரில்தான் நிற்கின்றன. கடிகாரமும் ஓட வேண்டியிருப்பதால் அது மற்றக் கேசட்டுகளைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் கேசட் பழுதென்று அர்த்தமில்லை. விளையாட்டு ஓடும், அணைத்ததும் மறந்துவிடும், அவ்வளவுதான்.

மாற்றுவது பெரிய வித்தையல்ல. கேசட்டின் பின்பக்க ஆணிக்குச் சாதாரணத் திருப்புளி பிடிக்காது, 3.8 மில்லிமீற்றர் சிறப்புமுனை வேண்டும். திறந்ததும் பழைய பெட்டரியைக் கழற்றி, காது (பற்றவைக்கும் உலோகத் தகடு) வைத்த புதுப் பெட்டரியைப் பற்றவைக்க வேண்டும். ரேடியோ, போன் திருத்துகிற எந்தக் கடைக்காரருக்கும் இது பத்து நிமிட வேலை. காது இல்லாத பெட்டரியை வாங்கி டேப் ஒட்டிச் சமாளிப்பது மட்டும் வேண்டாம். ஒரு தட்டுத் தட்டினால் சேமித்ததெல்லாம் போய்விடும். பழைய பெட்டரியைக் கழற்றும்போது முன்பிருந்தவரின் சேமிப்பும் அழிந்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த 'ரூபி', 'சஃபையர்', 'எமரல்ட்' கேசட்டுகளில் நிலைமை வேறு. அவற்றிலும் பெட்டரி உண்டு, ஆனால் அது கடிகாரத்துக்கு மட்டும். பெட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தாலும் சேமிப்பு பத்திரமாக இருக்கும். அந்த எழுத்தைக் காட்டி 'பழுது' என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களிடம் விற்றுவிடாதீர்கள்.

அசலா, போலியா?

பதுளையில் பழைய போன்களோடு பழைய விளையாட்டுக் கருவிகளையும் வாங்கி விற்கிற கடையொன்றில் நடந்தது இது. ஸ்பிரிங்வெலிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு பச்சைக் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான் தம்பி. டுபாயிலருந்து வந்தது."

"டுபாயிலருந்து வந்தா ஒரிஜினலாண்ணே? நம்பரக் காணோமே."

கடைக்காரர் சிரித்துவிட்டு விலையைப் பாதியாக்கினார். பையன் அப்போதும் வாங்கவில்லை.

அவன் தேடிய நம்பர் என்ன? அசல் அட்வான்ஸ் கேசட்டின் முன் லேபிளில் இரண்டு இலக்கம் மையில்லாமல் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். சரித்துப் பிடித்தால்தான் தெரியும். பெரும்பாலான போலிகளில் அது இருக்காது. இரண்டாவது, கேசட்டின் அடிப்பக்கத் திறப்புக்குள் பார்த்தால் பொன்னிற முனைகளுக்கு மேலே பலகையில் 'நிண்டெண்டோ' என்று அச்சிட்டிருப்பது தெரியும். மூன்றாவது, எமரல்ட்டின் அசல் கூடு உள்ளே தெரிகிற பச்சை. ஊடாகப் பார்த்தால் பெட்டரியின் வட்டம் புலப்பட வேண்டும். இந்த மூன்றையும் கடை வாசலிலேயே பார்த்துவிடலாம், திருப்புளி வேண்டாம்.

போலியில் விளையாட்டு ஓடும். ஒரு மாதம் ஓடி, சேமித்த பயணம் ஒரு நாள் காணாமல் போகலாம். அதனால் போலியைப் போலி விலைக்கு வாங்குவது அவரவர் விருப்பம். அசல் விலை கொடுப்பதுதான் நட்டம்.

எட்டுப் பேரின் கணக்கு

என்னைக் கேட்டால், தோட்டத்துக்கு என்றே செய்ததுபோல வந்த கருவி 2004இல் வெளியான நிண்டெண்டோ டிஎஸ். 15 கோடியே 40 இலட்சம் விற்றது. அதன் பெரிய சிறப்பு இரண்டு திரைகள் என்று எழுதுவார்கள். எனக்கு முக்கியம் 'டவுன்லோட் பிளே' என்ற வசதி. பெயரைப் பார்த்து இணையம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒருவரிடம் கேசட் இருந்தால் போதும். பக்கத்தில் வெறும் கருவியோடு இருப்பவர்களுக்கு விளையாட்டின் ஒரு பகுதி காற்றலையில் தற்காலிகமாகப் போய்ச்சேரும்.

2005இல் வந்த 'மாரியோ கார்ட் டிஎஸ்' ஒரே கேசட்டில் எட்டுப் பேரை ஓட்டவிடும். கேசட் வைத்திருப்பவர் விரும்பிய பாத்திரத்தை எடுப்பார். மற்ற எல்லோருக்கும் முகமூடி போட்ட 'ஷை கை' மட்டும்தான், ஆளுக்கொரு நிறத்தில். ஓடக்கூடிய பாதைகளும் குறைவு. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். 2006இன் 'டெட்ரிஸ் டிஎஸ்' இன்னும் தாராளம், ஒரே கேசட்டில் பத்துப் பேர். பதின்மூன்று நாளுக்கு மேலான சம்பளத்தில் ஒரு பிள்ளை விளையாடுவதா, ஒருவர் வாங்கியதில் ஒரு லயமே விளையாடுவதா என்று கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. ஆளுக்கொரு பிரதி வாங்கவைப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அந்த வழக்கத்தை மீறிய கேசட்டுகள் இவை. அதனால்தான் பட்டியலின் உச்சியில் இவ்விரண்டையும் வைக்கிறேன்.

கருவி வாங்கும்போது டிஎஸ் லைட்டைத் தேடுங்கள். அதன் கீழ்ப்பக்கத்தில் அட்வான்ஸ் கேசட்டுக்கும் ஒரு வாய் உண்டு. பின்னால் வந்த டிஎஸ்ஐயில் அதை எடுத்துவிட்டார்கள். ஒரு டிஎஸ் லைட்டும் ஒரு கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியும் இருந்தால் 1989 கேம்பாயிலிருந்து டிஎஸ் வரை எல்லாக் கேசட்டும் வீட்டில் ஓடும். இரண்டுமே மடக்கிச் சட்டைப்பையில் வைக்கலாம், இரண்டுமே சார்ஜ் ஏறும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில், இணையத்தை நம்பிய விளையாட்டுகள் எல்லாம் படுத்துவிட்டன. சார்ஜ் ஏற்றிவைத்த டிஎஸ் படுக்கவில்லை.

சேகரிப்பவர்களுக்கு டிஎஸ்ஸில் ஒன்று: 2009இல் வந்த 'ஹார்ட் கோல்ட்', 'சோல் சில்வர்'. இடுப்பில் மாட்டி நடந்தால் அடியை எண்ணும் 'போக்கேவோக்கர்' என்ற சின்னக் கருவியோடு பெரிய பெட்டியில் வந்தது. பெட்டி, கேசட், கருவி மூன்றும் சேர்ந்திருந்தால் ஒரு விலை, கேசட் மட்டும் என்றால் வேறு விலை. கொழுந்து மலைக்குப் போகிற அம்மாவின் இடுப்பில் மாட்டிவிட்டால் மாலைக்குள் எத்தனை அடி சேரும் என்று எந்த ஜப்பான் பொறியியலாளரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

எந்த நாட்டுக் கேசட்?

எங்களுக்குக் கேசட் வருவது ஒரு நாட்டிலிருந்து இல்லை. வீட்டுவேலைக்குப் போனவர்கள் வளைகுடாவிலிருந்து கொண்டுவருவார்கள். சொந்தக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து அனுப்புவார்கள். பழைய சாமானோடு ஜப்பானிலிருந்து வருவதும் உண்டு. ஆகவே நாட்டுப்பூட்டு எதில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கேம்பாய், அட்வான்ஸ், டிஎஸ், பிஎஸ்பி, அதன் வாரிசான வீட்டா, சுவிட்ச் ஆகியவற்றின் சாதாரண விளையாட்டுகளுக்குப் பூட்டு இல்லை. 3டிஎஸ்ஸுக்கு உண்டு: ஜப்பான் கருவியில் ஐரோப்பியக் கேசட் ஓடாது. கருவியும் கேசட்டும் வேறு வேறு கையிலிருந்து வருகிற எங்கள் ஊரில் 3டிஎஸ் வாங்குவது பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

பிஎஸ்பி பற்றி நீட்டி எழுத வேண்டாம். 1.8 ஜிபி கொள்ளும் யுஎம்டி தட்டுகளோடு 2004இல் வந்தது. இங்கே பெரும்பாலும் மெமரி ஸ்டிக்கில் கொப்பி போட்டுத்தான் ஓடியது. அசல் தட்டில் வாங்குவதென்றால் 'லூமினஸ்', 'கோட் ஒஃப் வோர்: செயின்ஸ் ஒஃப் ஒலிம்பஸ்' இரண்டும் முதலில். தட்டைச் சுற்றியிருக்கும் தெளிவான பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வீட்டா கேசட்டுகளை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்வதைச் சோனி 2019 மார்ச்சோடு முடித்துக்கொண்டது. இனி அவை கூடப்போவதில்லை. 'பெர்சோனா 4 கோல்டன்' கையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கசக்கும் கேசட், காலியான கேசட்

2017 மார்ச் 3இல் வந்த சுவிட்ச் கேசட்டை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேப்பெண்ணெய் தோற்கும். சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடக் கூடாது என்று டினடோனியம் பென்சோயேட் என்ற கசப்பு இரசாயனத்தை அதில் பூசியிருக்கிறார்கள். பட்டியலில் 'பிரெத் ஒஃப் தி வைல்ட்', 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' இரண்டும் கட்டாயம். கேசட்டிலிருந்தே ஓடும், எப்போது விற்றாலும் விலை போகும். சேகரிப்புக்கு 'சூப்பர் மாரியோ 3டி ஓல்-ஸ்டார்ஸ்': 2020 செப்டம்பர் 18இலிருந்து 2021 மார்ச் 31 வரைதான் நிண்டெண்டோ அதை விற்றது. அதன் பிறகு புதிதாக அடிக்கவில்லை, இ-ஷாப்பிலிருந்தும் எடுத்துவிட்டது.

2025 ஜூன் 5இல் சுவிட்ச் 2 வந்தது. அதோடு 'கேம்-கீ கார்ட்' என்ற புது வகையும் வந்தது. பார்க்கக் கேசட் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே விளையாட்டு இல்லை, சாவி மட்டும்தான். செருகியதும் முழு விளையாட்டையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கலாம், பெரிய கொள்ளளவுள்ள கேசட்டுக்குச் செலவு அதிகம். இதையும் கடன் கொடுக்கலாம், விற்கலாம் என்பதும் உண்மை. ஆனால் பல ஜிபியை மழைக்காலச் சிக்னலில் இறக்குவது யார் செலவு? வாங்கியவனின் டேட்டாச் செலவு. நாளை அந்தச் சர்வரை மூடினால்? புதுக் கருவியில் அந்தச் சாவிக்குத் திறக்கக் கதவு இருக்காது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' அப்படி வந்தது. அதைவிடப் பெரிய 'சைபர்பங்க் 2077' 64 ஜிபி கேசட்டிலேயே முழுதாக வந்தது. ஆக, மனம் வைத்தால் முடியும். கேம்-கீ என்றால் பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

தமிழருக்கு இதில் ஒரு தனி மனக்குறையும் உண்டு. டொரண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' 2023 ஜூலை 31இல் வந்தது, சுவிட்சிலும் ஓடும். எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்ப் பெண், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் பிரியாணியும் செய்து குடும்பத்தைக் கட்டிக்காக்கும் கதை. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் வாங்கியது. அது வந்தது இணையக் கடை வழியாக. தமிழ்ப் பாட்டு கேட்கும் விளையாட்டை, தமிழும் பேசும் பதுளையில் சுவிட்சுக்கு வாங்க வேண்டுமென்றால் நான் வேறு நாட்டில் இருக்கிறேன் என்று முதலில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊவாவில் காப்பாற்றுவது

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை ஊவாவை நனைத்து எடுக்கும். தகரக் கூரை வியர்க்கும், சுவர் பூக்கும், கேசட் முனையும் பச்சை பிடிக்கும். பக்டரியில் காய்ந்த தேயிலையை எப்படி வைப்பார்களோ அப்படித்தான் கேசட்டையும் வைக்க வேண்டும். சுமார் மூன்று வீத ஈரத்துக்குக் காயவைத்த தூள் திறந்த இடத்தில் கிடந்தால் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்துவிடும் என்பது இங்கே பிள்ளைக்கும் தெரியும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அடுப்புப் புகை எட்டாத இடம், இது போதும். முனை மங்கினால் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். வாயால் ஊதுவது வேண்டாம். எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, இவ்வளவு செலவு எதற்கு, போனில் இலவசமாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. போனில் இருப்பது நிறுவனம் விரும்பும் வரை இருக்கும். விளம்பரம் பார்க்கச் சொல்லும். ஒரு நாள் எடுத்துவிடும். கேசட்டை அண்ணன் விளையாடி முடித்துத் தம்பிக்குக் கொடுக்கலாம், தம்பி முடித்து விற்றுவிட்டுப் பாடசாலைச் சப்பாத்து வாங்கலாம். திருப்பி விற்கும் அந்த மூன்றாவது வேலையைச் செய்ய முடியாத எதையும் பதின்மூன்று நாளுக்கு மேலான சம்பளம் கொடுத்து வாங்காதீர்கள். என் பட்டியலில் ஒன்றே ஒன்று வாங்கத்தான் வசதி என்றால் 'மாரியோ கார்ட் டிஎஸ்' வாங்குங்கள். பக்கத்துக் காம்பராவில் வெறும் டிஎஸ் வைத்திருப்பவர்கள் தாமாக வந்துசேர்வார்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: திரையில் கோடு விழுந்த பழைய கேம்பாயை எப்படித் திருத்துவது, எப்போது கைவிடுவது?